போதையும் ஆவேசமும்: மனநல அவசரப் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நள்ளிரவு தாண்டிய பிறகு, 108-லோ ஆட்டோவிலோ நான்கு பேர் ஒருவரைப் பிடித்து இழுத்து வருவார்கள். வந்தவரின் சட்டை கிழிந்திருக்கும். பிடித்து வந்தவர்களில் ஒருவருக்கு உதடு கிழிந்திருக்கும். சற்றுத் தள்ளி, செருப்புகூடப் போடாமல் அவருடைய மனைவியோ அம்மாவோ நிற்பார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிற எனக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அந்தக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அந்த நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வந்ததும் வராததுமாக "கடைசியாக எப்போது குடித்தார்?" என்று ஏன் கேட்கிறீர்கள்? எவ்வளவு குடித்தார் என்பதுதானே முக்கியம்?

அளவும் வேண்டும்தான். ஆனால் முதலில் எனக்குத் தேவை நேரம். ஒரு மணி நேரத்துக்கு முன் குடித்தவரும், குடியை நிறுத்தி மூன்று நாள் ஆனவரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள், ஒரே மாதிரிதான் கையை ஓங்குவார்கள். உள்ளே நடப்பது நேர் எதிரானது.

இப்போதுதான் குடித்தவரின் உடலில் சாராயம் நிறைந்திருக்கிறது. கல்லீரல் அதை மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் எரிக்கும். மோர் கொடுத்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. அவருக்கு லோரஸெபாம் போன்ற தூக்க ஊசியை யோசிக்காமல் போட்டால், சாராயமும் ஊசியும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடலாம். நிறுத்தி மூன்று நாள் ஆனவருக்கோ அதே லோரஸெபாம்தான் உயிர் காக்கும் மருந்து. அந்த ஒரு கேள்விக்குப் பொய்யான பதில் வந்தால் என் சிகிச்சையே தலைகீழாகிவிடும்.

"எங்க வீட்டுக்காரர் குடிக்கவே மாட்டார் சார்" என்று சொல்லும் மனைவிகளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. சுற்றிலும் பத்துப் பேர் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்? தனியே அழைத்துக் கேட்டால் "தினமும் ரெண்டு குவார்ட்டர், நாலு வருஷமா" என்று உண்மை வரும். நீங்களாகவே தள்ளி வந்து சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. கடைசியாகக் குடித்த நேரம், அன்றாட அளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எங்காவது விழுந்தாரா: இந்த ஐந்தும் போதும். வீட்டில் கிடந்த மாத்திரை அட்டைகளை, காலியாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

குடியை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. நல்லதுதானே நடந்தது? இப்போது ஏன் பேய் பிடித்தவர் போல ஆடுகிறார்?

இந்தக் கேள்வி கார்த்திகை மாதத்தில் அதிகம் வரும். மாலை போட்ட அன்றே குடியை நிறுத்தியிருப்பார். மூன்றாம் இரவு சாமியைப் பார்க்கிறேன், பாம்பைப் பார்க்கிறேன் என்பார். வீட்டில் ஏதோ தெய்வக்குற்றம் என்று முடிவு செய்து, கோடாங்கியிடம் போய்விட்டு ஐந்தாம் நாள் எங்களிடம் வருவார்கள். மாலை போடாதவர்களும் உண்டு. கால் எலும்பு முறிந்து வார்டில் படுத்தவர், காவலில் வைக்கப்பட்டவர், மஞ்சள்காமாலை வந்து பயந்து நிறுத்தியவர் என்று வழிகள் பல. 2020 மார்ச்சில் ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் மூடியபோது மாநிலம் முழுக்கப் பலர் ஒரே வாரத்தில் இந்த நிலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

சாராயம் மூளையை அமுக்கும். பல வருடம் தினமும் குடித்த மூளை, அந்த அமுக்கத்துக்கு ஈடாகத் தன் விசையை ஏற்றி வைத்துக்கொண்டிருக்கும். சாராயம் திடீரென்று நின்றால் அமுக்கம் போய்விடும், ஏற்றிய விசை அப்படியே இருக்கும். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு நினைவு குழம்பி மாயக்காட்சிகள் தோன்றும். இதை நாங்கள் நடுக்கச் சன்னி என்போம்.

பார்த்தவர்களுக்கு அது மறக்காது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தேய்ப்பார்கள், போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்குவார்கள். தொழில்கூடக் கையில் வந்துவிடும்: கொத்தனார் காற்றிலே செங்கல் அடுக்குவார், ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பார். அவர் சிஸ்டரை அடிப்பது சிஸ்டர் மேலுள்ள கோபத்தால் அல்ல. கத்தியோடு யாரோ வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது, தப்பிக்கப் பார்க்கிறார். நல்ல மருந்துகள் இல்லாத காலத்தில் இந்தச் சன்னி கண்டவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்தார்கள். சிகிச்சை கிடைத்தால் அது 100-க்கு 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கோடாங்கியிடம் கழித்த இரண்டு நாளின் விலை அந்த வித்தியாசம்தான்.

குடியை நிறுத்தியது தப்பில்லை. மருத்துவர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தியதுதான் ஆபத்து. மாலை போடத் தீர்மானித்திருந்தால் பத்து நாள் முன்பே புறநோயாளிப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். மாத்திரையின் துணையோடு நிறுத்தி, பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தால் அடங்கிவிடுவாரே?

கொடுக்காதீர்கள். குழம்பிய நிலையில் இருப்பவருக்குப் புரையேறி, குடித்தது நுரையீரலுக்குள் போகும். சன்னி முற்றியபின் குவார்ட்டருக்கு அடங்கவும் அடங்காது.

இன்னொன்று. "ரொம்ப டயர்டா இருக்கார்" என்று சொல்லி, பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நீண்ட காலம் குடிப்பவர் உடலில் தயமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க அந்தத் தயமின் வேண்டும். முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் என்பது எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். தயமின் தீர்ந்துபோனால் நடை தள்ளாடும், கண் நிலைகுத்தும், மனம் குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் புதிதாக எதையும் மனதில் பதிக்கிற திறன் நிரந்தரமாகப் போய்விடும்.

குடித்துவிட்டுத்தான் கத்துகிறார் என்பது வாடையிலேயே தெரிகிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எதற்கு?

வாடைதான் எங்களை அதிகம் ஏமாற்றியிருக்கிறது. சாராய வாடை வந்தால் யாரும் மேலே யோசிப்பதில்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், வாடையோடு வந்து கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஊசிக்குப் பிறகு அமைதியானார். எல்லோரும் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனோம். விடியும்போது எழுப்பினால் எழவில்லை. முன்தினம் பைக்கிலிருந்து விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து, எவ்வளவு ஆடுகிற நோயாளியாக இருந்தாலும் தலையைத் தடவிப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அதைவிட எளிது. சாப்பிடாமல் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கும். இறங்கினால் மூர்க்கம் வரும். கல்லீரல் கெட்டிருந்தால், அது வெளியேற்றாமல் விட்ட கழிவுகளே விஷமாகி மனதைக் குழப்பும். காய்ச்சல் இருந்தால் மூளைக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். கூடவே, கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மெத்தனால் என்ற விஷச் சாராயம், குடித்த உடனே வேலையைக் காட்டாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் எல்லாம் தொடங்கும். குடித்தவர் "கண்ணில் பனி மூடுகிறது" என்று சொன்னால் மனநலப் பிரிவைத் தேடாதீர்கள். நேரே விபத்து மற்றும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

கஞ்சா சாதுவானது, குடி மாதிரி அடிதடி இல்லை என்கிறார்களே?

அளவாக இழுத்தவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு மூலையில் கிடப்பார் என்பது உண்மைதான். ஆனால் எங்களிடம் வருபவர் அந்த ஆள் இல்லை. எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், அம்மா சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்ற உறுதியான சந்தேகத்தோடு வருகிறார். அந்தச் சந்தேகம்தான் அவரைக் கை ஓங்க வைக்கிறது. இள வயதில், தினமும், வீரியமான சரக்கு புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இப்போது கல்லூரி வயதுப் பையன்களிடம் மெத்தாம்பெட்டமைன் என்ற, மூளையை முடுக்கிவிடும் போதைப்பொருளையும் பார்க்கிறோம். மூன்று நான்கு நாள் தூங்காமல், சாப்பிடாமல், உடம்பு கொதிக்க, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று கதவைத் தாழிட்டுக் கொண்டிருப்பார்கள். உடல் வெப்பம் ஏறி, தசைகள் சிதைந்து, சிறுநீரகம் பழுதாகும் அளவுக்குப் போகலாம். டபென்டடால் வலிமாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடுபவர்களிடம் மூர்க்கம் பெரும்பாலும் மாத்திரை கிடைக்காத நாளில்தான் தலைகாட்டும். கிடைத்த நாளில் நான் அஞ்சுவது மூச்சு நின்றுபோவதை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகரும் சிறுவர்களுக்கு இதயம் திடீரென்று நின்றுவிடலாம். அவர்களை விரட்டிப் பிடிக்காதீர்கள். பயத்தில் ஓடும்போதுகூட அது நடக்கும்.

சிறுநீர்ப் பரிசோதனையை நம்பிச் சண்டை போடவும் வேண்டாம். தினமும் கஞ்சா புகைத்தவருக்கு நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆன பிறகும் அது காட்டலாம். "பாசிட்டிவ்" என்றால் இன்று புகைத்தார் என்று அர்த்தமாகாது.

இது போதையா, மனநோயா? மனநோயாளிகள் எல்லோரும் இப்படி அடிப்பார்களா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: இல்லை. மனச்சிதைவு நோயும் வன்முறையும் பற்றி 20 ஆய்வுகளை, 18,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2009-இல் வந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டபோது, போதைப் பழக்கம் இல்லாத மனச்சிதைவு நோயாளிகளின் வன்முறை அபாயம் சுமார் 2 மடங்கு. போதையும் சேர்ந்தவர்களிடம் அது ஏறக்குறைய 9 மடங்கு. மனநோயே இல்லாமல் போதைப் பழக்கம் மட்டும் உள்ளவர்களிடம் 7 மடங்குக்குக் கொஞ்சம் மேல். எண்களை ஒரு முறை திரும்பப் படியுங்கள். ஊரார் "பைத்தியம்" என்று பயப்படுவதில் பெரும் பங்கு உண்மையில் போதையின் கணக்கில் சேர வேண்டியது.

முதல் கேள்விக்கு அன்றிரவே பதில் சொல்லும் மருத்துவரை நான் நம்பமாட்டேன். போதை முழுவதும் இறங்கி, ஏறக்குறைய ஒரு மாதம் எதுவும் தொடாமல் இருக்கும்போதும் குரல்கள் கேட்கின்றனவா, சந்தேகம் நீடிக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். சிலருக்கு இரண்டும் இருக்கும்.

வீட்டிலேயே ஆவேசம் கிளம்பிவிட்டால் என்ன செய்வது?

பேசுவதற்கு ஒருவர் போதும். அவருக்குப் பிடித்த ஒருவர், அது தங்கையாகவோ பெரியப்பாவாகவோ இருக்கட்டும். மற்ற உறவுக்காரர்கள் அறையை விட்டு வெளியே போகவேண்டும். ஆளுக்கொரு புத்தி சொல்வதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டாக நில்லுங்கள். கதவை நீங்களும் மறிக்காதீர்கள், அவரும் உங்களை மறிக்கும்படி விடாதீர்கள். குரலைத் தாழ்த்திச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்: "அண்ணா, உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" அவர் பார்க்கும் பாம்பை இல்லை என்று வாதாட வேண்டாம், இருக்கிறது என்று ஆமோதிக்கவும் வேண்டாம். "பயமா இருக்கா? நான் கூட இருக்கேன்" என்றால் போதும்.

அரிவாள்மனை, கடப்பாரை, பினாயில் பாட்டில், பைக் சாவி ஆகியவற்றை முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள். அறையில் அங்கும் இங்கும் நடப்பது, கை முறுக்குவது, பல்லைக் கடிப்பது, திடீரென்று பேச்சு நின்றுபோவது: இவை கை ஓங்குவதற்கு முந்தைய அடையாளங்கள். கண்டதும் குழந்தைகளோடு வெளியேறி 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே "ஆவேசமாக இருக்கிறார்" என்று சொல்லிவிட்டால் உதவியோடு வருவார்கள். ஆபத்து அவ்வளவு அருகில் இல்லை, ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பிடித்தே ஆகவேண்டிய கட்டம் வந்தால் குப்புறத் தள்ளி முதுகில் உட்காராதீர்கள். வீரம் காட்டும் மைத்துனர்கள் செய்கிற காரியம் இது. மூச்சு அடைத்து ஆள் இறந்துவிடுவார். "அடங்கிவிட்டான்" என்று அவர்கள் நினைக்கிற நேரத்தில் அது நடந்திருக்கும்.

மருத்துவமனையில் கை காலைக் கட்டுகிறீர்கள். அது மட்டும் சரியா?

கேட்க வேண்டிய கேள்வி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனியறையில் பூட்டிவைப்பதையும் தடுக்கிறது. துணிப்பட்டையால் கட்டுவதை ஒரே ஒரு நிலையில் அனுமதிக்கிறது: அவருக்கோ மற்றவருக்கோ உடனடியாக நேரப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்னும்போது. பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், காரணத்தைக் குறிப்பில் எழுத வேண்டும், தேவைக்குமேல் ஒரு நிமிடமும் நீடிக்கக்கூடாது. தண்டனையாகக் கட்டக்கூடாது, வார்டில் ஆள் குறைவு என்பதும் காரணமாகாது.

கடைசி விதி தாளில் எழுத எளிது. ஒரு சிஸ்டரும் ஒரு பணியாளரும் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் இரவில் அது எப்படி நடைமுறையாகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் செய்யக்கூடியது இது: "ஏன் கட்டினீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள், குறிப்பில் எழுதினீர்களா?" என்று கேளுங்கள். கேட்கிற உறவினர் பக்கத்தில் இருந்தால் முடிச்சு சீக்கிரம் அவிழ்கிறது.

என்ன ஊசி போட்டீர்கள்? மூளை மழுங்கிவிடாதா?

மழுங்காது. அந்த ஊசிகளைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி நம் வேலூரிலிருந்து போனது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல அவசரப் பிரிவுக்கு ஆவேசமாக வந்த 200 பேரை வைத்து, லோரஸெபாம் ஒரு பக்கம், ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த ஊசி மறுபக்கம் என்று ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளியானது. நான்கு மணி நேரத்தில் இரண்டுமே ஏறக்குறைய எல்லோரையும் அமைதிப்படுத்தின. சேர்க்கை ஊசி கூடுதல் வேகத்தில் தூங்க வைத்தது. 2007-இல் அதே இடத்திலிருந்து 300 பேரை வைத்து வந்த அடுத்த ஆய்வில், சேர்க்கை ஊசி பெற்றவர்களைவிட ஓலன்சபின் என்ற வேறொரு ஊசி பெற்றவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி மருந்து தேவைப்பட்டது அதிகம். ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டால் சிலருக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், நாக்கு இழுக்கும். புரோமெதசின் சேர்ப்பது தூக்கத்துக்கு மட்டுமின்றி அதைத் தடுக்கவும்தான்.

குடியை நிறுத்தியதால் வந்த சன்னிக்கு ஹாலோபெரிடால் மட்டும் போதாது. அது வலிப்பை எளிதாக்கிவிடும். மறுபடியும் அந்தக் கேள்வியிடமே வருகிறோம், கடைசியாக எப்போது குடித்தார்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற மருந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாமா?

பஸ் நிலையச் சுவர்களில் இந்த விளம்பரம் இல்லாத ஊர் இல்லை. அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில குடும்பங்கள் டைசல்பிராம் மாத்திரையை வாங்கிச் சாம்பாரில் கலக்கிறார்கள். அந்த மாத்திரை சாராயத்தைப் பாதி வழியில் நிறுத்தி, உடலில் ஒரு நச்சைச் சேர்க்கும். மாத்திரை உள்ளே இருப்பது தெரிந்தவர் பயந்து குடிக்காமல் இருப்பார். அதுதான் அதன் வேலையே. தெரியாதவர் வழக்கம்போல ஒரு ஆஃப் குடிப்பார். முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து சாகவும் கூடும். சிலருக்கு இந்த மாத்திரையே மனக்குழப்பத்தைக் கிளப்பும். ஏற்கெனவே கலந்திருந்தால் பயப்படாமல் எங்களிடம் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம்.

விருப்பமில்லாதவரைச் சேர்க்க முடியுமா? போலீஸ் வழக்கு ஆகுமா?

அவசர நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. உடன் இருக்கும் நியமனப் பிரதிநிதியின், அதாவது நோயாளி சார்பில் முடிவெடுக்க அவர் நியமித்தவரின் அல்லது உறவினரின், சம்மதம் கேட்கப்படும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து 30 நாள் வரை சேர்க்கலாம். இதெல்லாம் மருத்துவமனைக்கு. ஆள் வைத்து வேனில் தூக்கிக்கொண்டு போகிற "மறுவாழ்வு மைய"ங்களுக்கு இந்த அதிகாரம் கிடையாது. பதிவுச் சான்றைக் கேளுங்கள், இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேளுங்கள். சன்னி பெரும்பாலும் இரவில்தான் முற்றும்.

காயத்தோடு வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவோம், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அது கைது இல்லை. சிறு அளவு போதைப்பொருளோடு மாட்டிக்கொண்டவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 1985-இன் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது.

காலையில் "எனக்கு எதுவும் ஞாபகமில்லை" என்கிறார். அடித்ததை நோய் என்று நான் விட்டுவிட வேண்டுமா?

ஞாபகம் இல்லை என்பது பெரும்பாலும் பொய்யில்லை. மிகுந்த போதையில் மூளை எதையும் பதிவு செய்வதில்லை; சன்னியிலிருந்து மீண்டவருக்கும் அந்த நாட்கள் கிழிந்த படச்சுருள் போலத்தான் இருக்கும். சன்னியில் அடித்தவரைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் குடித்த நாளெல்லாம் அடிப்பவர், கடைக்காரரையும் மேஸ்திரியையும் விட்டுவிட்டு உங்களை மட்டும் அடிப்பவர் என்றால் அது வேறு. அதற்கு நான் எழுதித்தரும் மாத்திரை போதாது, என் சீட்டு அவருக்கு மன்னிப்புச் சீட்டும் ஆகாது. 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கானது. பெண்கள் உதவி எண்ணான 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

அமைதியாகிவிட்டார் என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகாதீர்கள். கடைசிக் குடியிலிருந்து நான்கு நாளாவது எங்கள் கண்ணில் இருக்கட்டும். அந்த நான்கு நாளில் வார்டில் மாறி மாறி நிற்க அவருடைய தம்பிகளைக் கூப்பிடுங்கள். நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு இரவாவது தூங்குங்கள். உங்கள் கன்னத்து வீக்கத்தையும் யாராவது பார்க்க வேண்டும், வெளியே போகும் முன் அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறேன்.